வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கப்போகிறவர்களுக்கு

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள நம் சபைக் குடும்பங்களில், புது வீடு கட்டி முடித்தாலும், பிள்ளைக்கு வேலை கிடைத்தாலும், நோயில் படுத்தவர் எழுந்து நடமாடினாலும், ஆயரை அழைத்து, கர்த்தருக்கு நன்றி சொல்ல வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பது வழக்கம். பாட்டு, வேதவாசிப்பு, சிறு செய்தி, ஜெபம், பிறகு சாப்பாடு என்று அது நிறைவாகவே நடந்துவிடும். ஆனால் அந்த நன்றி வீட்டு வாசலைத் தாண்டிப் போக வேண்டுமானால் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

முதலில், வேதத்தில் இஸ்ரவேலரின் பலிகளைப் பற்றிச் சொல்லும் லேவியராகமம் 7-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். பொருத்தனையாகவோ (நேர்ந்துகொண்டதாகவோ) உற்சாகமாகவோ (தானாக மனமுவந்தோ) செலுத்தும் சமாதானபலி என்னும் மிருகபலியின் மாம்சத்தில் மீதியானதை மறுநாளும் புசிக்கலாம். ஸ்தோத்திரத்துக்காகச் செலுத்தியதையோ அன்றைக்கே புசித்துவிட வேண்டும், விடியும்வரை ஒன்றும் மீதி வைக்கக் கூடாது. பலிபீடத்துக்கும் ஆசாரியருக்கும் உரிய பங்கு போக மீதி ஆட்டையும், அதோடு படைக்கும் அதிரசத்தையும் அடையையும் அப்பத்தையும் ஒரு குடும்பம் மட்டும் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியுமா? பிறரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். பகிர்ந்தாலன்றி முடியாத விருந்தாகவே கர்த்தர் இந்தப் பலியை வைத்தார் என்று நான் புரிந்துகொள்கிறேன். எபிரெயர் 13-ஆம் அதிகாரத்திலும், உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலியைச் சொல்லும் வசனத்துக்கு அடுத்த வசனமே, நன்மை செய்யவும் தானதர்மம் பண்ணவும் மறவாதிருங்கள் என்கிறது.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாளை எடுத்து, கர்த்தர் இந்தக் காரியத்தை யார் யார் கைகளால் செய்தார் என்று எழுதுங்கள். நள்ளிரவில் ஆட்டோ எடுத்து வந்த பக்கத்துத் தெருக்காரர், இரத்தம் கொடுத்த கல்லூரி மாணவர், பாக்கியைக் கேட்காமல் ஆறு மாதம் பொறுத்துக்கொண்ட மளிகைக்கடை அண்ணாச்சி என்று பெயர்கள் வரும். அவர்களை நேரில் போய் அழையுங்கள். வேறு சமயத்தவராக இருந்தால் ஜெபம் உண்டென்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். வர இயலாதவர் வீட்டுக்கு நீங்களே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, நன்றியை வாய்திறந்து சொல்லுங்கள்.

கர்த்தர் செய்ததை எல்லார் முன்னும் எழுந்து சாட்சி சொல்வதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஒரு கூட்டத்தில், மகனுக்குக் காய்ச்சல் தீர்ந்ததைச் சொன்ன தகப்பனார், உறுதியாய் விசுவாசித்ததால் கர்த்தர் பிள்ளையைத் தந்தார் என்று முடித்தபோது, அதே காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்திருந்த தாய் ஒருவர், பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தை மடிப்பதும் நீவுவதுமாக இருந்ததைப் பார்த்தேன். அவர் விசுவாசிக்கவில்லையா? நடந்ததைச் சொல்லுங்கள், செய்தவரைத் துதியுங்கள், உங்கள் விசுவாசத்தை அதற்குக் காரணமாக்காதீர்கள். ஐந்து நிமிடம் போதும். சாப்பிடும்போது அந்தத் தாயைப் போன்றவர் பக்கத்தில் வீட்டாரில் ஒருவர் உட்கார வேண்டும்.

சாப்பாட்டில் ஒரு பங்கைச் சமைக்கும் முன்பே பிறருக்கென்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மீந்ததைக் கொடுப்பது ஸ்தோத்திரம் ஆகாது. எங்கே கொண்டுபோவது என்று தெரியாதவர்கள் மதுரை கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரியை (அரசு இராஜாஜி மருத்துவமனையை) நினைத்துக்கொள்ளலாம். தேனி, இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கமிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களுக்குத் துணையாக வந்து நாள்கணக்கில் தரையில் படுத்திருப்பவர்களை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு வெறுங்கையோடு போய், என்ன தேவை என்று கேட்டு வாருங்கள். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவரிடம் சாப்பாடு வேண்டுமா என்று கேட்டபோது, "சோறு கிடைக்குதுய்யா. சுடுதண்ணி வாங்கி வைக்கத்தான் ஒண்ணுமில்ல. ஒரு மணி நேரம் இவரப் பாத்துக்கிட்டீங்கன்னா குளிச்சுட்டு வந்துருவேன்" என்றார். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் உபத்திரவத்திலே விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்று யாக்கோபு எழுதியதில் உள்ள "விசாரிக்கிறது" என்ற சொல் எனக்கு அன்றுதான் விளங்கியது. அடுத்த முறை ஃபிளாஸ்க், சோப்பு, போர்வை ஆகியவற்றோடு, நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார இரண்டு வாலிபரையும் அழைத்துப் போனோம்.

வார்டுக்குள் போகும்போது சில காரியங்களை மறக்க வேண்டாம். பார்வை நேரத்தில் மட்டும் போங்கள். நர்சைக் கேட்காமல் நோயாளிக்கு எதையும் உண்ணக் கொடுக்காதீர்கள்; அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு இருப்பவராக இருக்கலாம். நோய் எப்படி வந்தது என்று துருவாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, சரி என்றால் மெல்லிய குரலில் சுருக்கமாக ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் அதே முகத்தோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். புறப்படும்போது, அவர்கள் விருப்பப்பட்டால் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, ஊர் திரும்பிய பத்து நாளில் கூப்பிட்டு, கட்டுப் பிரித்தாயிற்றா, மாத்திரை கையில் இருக்கிறதா, அடுத்து எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.