டீமல்சிஃபையர் கலக்குகிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

திருநெல்வேலிச் சீமையில் கச்சா எண்ணெய்க் கிணறு கிடையாது. தமிழ்நாட்டில் எண்ணெய் பார்க்க வேண்டுமென்றால் நரிமணம், குத்தாலம் பக்கம்தான் போக வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் அமைந்த பனங்குடியும் நாகப்பட்டினத்துப் பனங்குடி, நம்ம பணகுடி இல்லை. இருந்தாலும் பாளையங்கோட்டையில் வேதியியல் படித்துவிட்டு வளைகுடாவுக்கோ அசாமுக்கோ எண்ணெய் வயல் கெமிக்கல் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஊருக்குத் திரும்பி, கங்கைகொண்டான் பக்கம் சின்னதாக ஒரு ஷெட் போட்டு, கச்சா எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற கெமிக்கலான டீமல்சிஃபையரைக் கலந்து விற்கலாமா என்று யோசிக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இது.

கலக்குவது ஒரு வித்தையே இல்லை. விலைக்கு வாங்கிய நாலைந்து பேஸ் (தண்ணீரைப் பிரிக்கிற மூல கெமிக்கல்), கரைப்பானாகக் கொஞ்சம் சைலீன், ஒரு டிரம், ஒரு ஸ்டிரர் இருந்தால் போதும். அந்தக் கலவை எந்த எமல்ஷனை, அதாவது பிரியாமல் கலந்து நிற்கிற எந்த எண்ணெய்-தண்ணீரை, உடைக்கப்போகிறது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள்.

கிணற்றிலிருந்து எண்ணெயோடு உப்புத்தண்ணீரும் ஏறி வரும். பம்பிலும், ஓட்டத்தை நெருக்குகிற சோக் வால்விலும் அடிபட்டு அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக எண்ணெய்க்குள் சிதறிவிடும். எண்ணெயிலேயே இருக்கிற கனமான பொருள்களான அஸ்ஃபால்ட்டீன், ரெசின், கூடவே மெழுகுத் துகள், நுண்களிமண், இரும்பு சல்ஃபைடு எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு துளியைச் சுற்றியும் தோல் கட்டும். தோல் இருக்கும்வரை துளிகள் முட்டிக்கொண்டாலும் ஒன்று சேராது. டீமல்சிஃபையர் அந்தத் தோலுக்குள் புகுந்து அதைக் குலைக்க வேண்டும். துளிகள் சேர்ந்து பெருத்தால் மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். ஸ்டோக்ஸ் விதிப்படி துளியின் விட்டம் பத்து மடங்கானால் விழும் வேகம் நூறு மடங்காகும். கெமிக்கல் விட்டு எமல்ஷனை உடைக்கிற முறைக்கு செயின்ட் லூயி நகரத்து வில்லியம் பார்னிக்கல் 1914இல் காப்புரிமை வாங்கினார். நூறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. எல்லா எண்ணெய்க்கும் பொருந்துகிற ஒரே கெமிக்கல் இன்னும் வரவில்லை, வரவும் செய்யாது. தோல் கிணற்றுக்குக் கிணறு வேறு.

இது தெரிந்த பிறகும் முதல் தவறு சோதனை மேஜையிலேயே தொடங்கிவிடுகிறது. கச்சா எண்ணெய் கொஞ்சம் கிடைக்கும், கிணற்றுத் தண்ணீர் கிடைக்காது. உடனே குழாயைத் திறந்து தாமிரபரணித் தண்ணீரைப் பிடித்து, மிக்ஸியில் எண்ணெயோடு அடித்து, எமல்ஷன் ரெடி என்று உட்கார்ந்துவிடுவார்கள். ஆற்றுத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. கிணற்றுத் தண்ணீரில் சோடியம், கால்சியம், மெக்னீசியம் குளோரைடு கடல்நீரைவிடவும் கூடுதலாகவே இருக்கலாம். உப்பு மாறினால் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம் மாறும், துளியின் தோல் மாறும், பேஸ் எந்தப் பக்கம் கரையப் பார்க்கிறது என்பதும் மாறும். தூத்துக்குடிக் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து அடித்தால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. கடல்நீரில் சல்ஃபேட் நிறைய உண்டு, வயல் தண்ணீரில் பெரும்பாலும் அது சொற்பம். உண்மையான சாம்பிள் இல்லாவிட்டால் அங்கிருந்து தண்ணீர்ப் பகுப்பாய்வு அறிக்கையாவது வாங்கி, உப்புகளை அதே அளவில் எடைபோட்டுக் கலந்துகொள்ள வேண்டும். அப்போதும் கிடைக்கிற முடிவு ஒரு திசையைத்தான் காட்டும்.

சாம்பிள் வந்துவிட்டாலும் அது எத்தனை நாள் பழசு என்று கேட்க வேண்டும். அசாம் துலியாஜானில் பிடித்த எமல்ஷன் கேனில் அடைபட்டு ரயிலேறி நெல்லை ஜங்ஷனில் இறங்கும்போது, பிடித்தபோது இருந்த அதே எமல்ஷனாக இருக்காது. லேசான பகுதிகள் ஆவியாகிப் போயிருக்கும், காற்று பட்டிருக்கும், துளியைச் சுற்றிய தோல் தடித்து இறுகியிருக்கும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. வயலில் ஏற்கெனவே யாரோ ஒருவரின் கெமிக்கல் ஓடிக்கொண்டிருக்கும். அது செலுத்தப்படுகிற இடத்துக்குப் பிறகு பிடித்த சாம்பிளில் உங்கள் கலவை ஜெயித்தால், பாதி வேலையைப் பார்த்தது பழைய கெமிக்கல். செலுத்துமிடத்துக்கு முன்னால் பிடித்த, தானாகப் பிரிந்த தண்ணீரை வடித்துவிட்ட சாம்பிள்தான் வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சாம்பிளை ஊருக்கு வரவழைக்க மாட்டார்கள். பேஸ் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் அங்கேயே பாட்டில் டெஸ்ட் போடுவார்கள்.

இனி பெரிய தவறு. பாட்டில் டெஸ்டில் 100 மில்லி எமல்ஷனை அளவுகோடு போட்ட பாட்டில்களில் ஊற்றி, கெமிக்கல் விட்டு, எல்லாவற்றையும் ஒரே எண்ணிக்கையில் குலுக்கி, வயல் வெப்பநிலையில் வைத்து, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று குறிப்பார்கள். பத்தாவது நிமிடத்தில் எந்தப் பாட்டிலில் அதிகத் தண்ணீரோ அதுதான் ஜெயித்தது என்று கையைத் தட்டி எழுந்துவிடுகிறவர்களே நிறைய. "தண்ணிதான் விழுந்துட்டுல்லா, இனி என்ன பாக்கணும்?" என்பார்கள்.

பார்க்க வேண்டியது மேலே நிற்கிற எண்ணெயை. சுத்திகரிப்பு ஆலைக்காரன் வாங்குவது அதைத்தான். தண்ணீரும் கசடும் சேர்ந்து அரை சதவீதம் அல்லது ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்க மாட்டான். மிச்சத் தண்ணீரோடு உப்பும் போனால், சூட்டில் மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுவித்து, வடிகோபுரத்தின் உச்சிக் குழாய்களை அரித்துவிடும். ஆகவே தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பிப்பெட்டை விட்டு எண்ணெயை உறிஞ்சி, சம அளவு கரைப்பான் சேர்த்து, சூடாக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்ற வேண்டும். குழாயின் அடியில் தண்ணீரும் அதன்மேல் உடையாத எமல்ஷன் படலமும் தெரியும். இரண்டையும் குறித்துக்கொண்டு, எமல்ஷனை முழுசாக உடைக்கிற நாக்கவுட் கெமிக்கல் சில சொட்டு விட்டு மறுபடி சுற்ற வேண்டும். முதல் சுற்றில் தெரிந்த தண்ணீருக்கும் இரண்டாம் சுற்றில் தெரிகிற தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம், உங்கள் கலவை தொடாமல் விட்ட தண்ணீர். வேகமாகத் தண்ணீரைத் தள்ளிய பாட்டில் இந்த இடத்தில் தோற்பதை அடிக்கடி பார்க்கலாம்: பெரிய துளிகளையெல்லாம் விழவைத்துவிட்டு, பொடித் துளிகளை எண்ணெயிலேயே விட்டிருக்கும். தண்ணீரின் நிறத்தையும் பார்க்க வேண்டும். டீ நிறத்தில் இருந்தால் எண்ணெய் தண்ணீருக்குள் போய்விட்டது, கழிவுநீர் பிரிவுக்காரன் உங்களைத் தேடி வருவான். இரண்டுக்கும் நடுவில் சேறு மாதிரிப் பட்டை தொங்கினால் அது டேங்கில் நாளுக்கு நாள் தடிக்கும்.

தண்ணீரைத் தள்ளுகிறதும் எண்ணெயை உலர்த்துகிறதும் (மிச்சப் பொடித் துளிகளையும் எடுக்கிறதும்) பெரும்பாலும் ஒரே பேஸ் அல்ல என்பதால்தான் கலவை என்ற ஒன்றே தேவைப்படுகிறது. ஃபீனால் ஃபார்மால்டிஹைடு ரெசினில் எத்திலீன் ஆக்சைடு ஏற்றியவை, பாலிகிளைக்கால்கள், அமீன் வழி வந்தவை, சல்ஃபோனிக் அமிலம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். தனித்தனியாகச் சோதித்து முதலிடம் பிடித்த இரண்டைக் கலந்தால் முதல்தரக் கலவை வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். இரண்டுமே தண்ணீரைத் தள்ளுகிற ரகமாக இருந்தால் உலர்த்த ஆள் இல்லை. வேகமான ஒன்றையும் மெதுவாக, சுத்தமாக முடிக்கிற ஒன்றையும் 75:25, 50:50, 25:75 என்று மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் ஜோடி அகப்படும். ஆர்.எஸ்.என். என்கிற ஒப்பீட்டுக் கரைதிறன் எண் ஒன்றை மட்டும் பார்த்து பேஸ் வாங்குகிற பழக்கமும் உண்டு. 13க்குக் கீழ் என்றால் தண்ணீரில் கரையாது, 17க்கு மேல் என்றால் கரையும் என்று அது சொல்லும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஒரே எண் உள்ள இரண்டு பேஸ்கள் ஒரே எமல்ஷனில் நேரெதிராக நடந்துகொள்ளும்.

அளவு கூடினால் பலனும் கூடும் என்ற நினைப்பு எங்கிருந்துதான் வருகிறதோ. செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுகிறவருக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. அள்ளி அள்ளிப் போடுவதால் எண்ணெய் கூடிவிடாது. டீமல்சிஃபையரும் தோலைக் குலைத்த பிறகு மிஞ்சினால், தானே துளியைச் சுற்றி உட்கார்ந்து புது எமல்ஷன் கட்டும். அதனால் ஒரே அளவில் சோதிக்காமல், பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் இரண்டு மூன்று வெவ்வேறு அளவுகளில் போட்டு, பலன் எங்கே திரும்பிக் கீழே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

பிபிஎம் கணக்கிலும் கவனம் வேண்டும். 10 சதவீதக் கரைசலில் 0.1 மில்லியை 100 மில்லி எமல்ஷனில் விட்டால் 100 பிபிஎம். அதையே 1 சதவீதக் கரைசலில் எட்ட ஒரு முழு மில்லி கரைப்பான் உள்ளே போகும், எமல்ஷனை இளக்குவதில் அந்தக் கரைப்பானுக்கும் பங்கு வந்துவிடும். கெமிக்கல் இல்லாத ஒப்பீட்டுப் பாட்டிலிலும் அதே அளவு வெறும் கரைப்பானை விட மறக்கக் கூடாது. வயலில் குழப்பம் வேறு மாதிரி. ஒரு நாளைக்கு 1,000 பீப்பாய் திரவம், அதில் 40 சதவீதம் தண்ணீர் என்று வையுங்கள். 50 பிபிஎம் என்பதை மொத்தத் திரவத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 8 லிட்டர், எண்ணெய்க்கு மட்டும் கணக்கிட்டால் சுமார் 4.8 லிட்டர். எதற்கு என்று எழுதாமல் விலைப்புள்ளி கொடுத்துவிட்டு பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

நம் ஊர்ச் சூட்டில் பளிங்குபோல நிற்கிற கலவை ராஜஸ்தான் பாலைவனத்து ஜனவரி ராத்திரியில் கெட்டியாகி, கெமிக்கலைச் செலுத்துகிற டோசிங் பம்பை அடைத்துவிடும். அனுப்புவதற்கு முன் ஒரு பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? அரிப்புத் தடுப்பானோடு சேர்த்துப் பார்ப்பதும் இதே ரகம். பல அரிப்புத் தடுப்பான்கள் அமீன் வகை, உங்கள் கலவையில் சல்ஃபோனிக் அமிலம் இருந்தால் இரண்டும் வினைபுரிந்து குழாயிலேயே கூழாகலாம். பம்பின் ரப்பர் வளையங்கள் சைலீனில் ஊறி வீங்குகிறவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷெட் போட நினைக்கிறவர்களுக்கு ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சைலீன் தீப்பற்றக்கூடிய ஆவி விடத் தொடங்குவது ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸில், கரைப்பானாக மெத்தனால் சேர்த்தால் அதற்கு 11 டிகிரியே போதும். கங்கைகொண்டானில் சித்திரை மாதம் தகரக் கூரைக்கடியில் என்ன சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. திறந்த டிரம்மில் சாதாரண மோட்டாரை வைத்துக் கலக்குவது, ஒரு டிரம்மிலிருந்து இன்னொன்றுக்கு எர்த் இல்லாமல் ஊற்றுவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். மூடிய பாத்திரம், தீப்பொறி தடுக்கும் மோட்டார், எர்த் கம்பி, காற்றோட்டம் இவற்றுக்குப் பணம் இல்லையென்றால் தொழிலைத் தள்ளிப்போடுங்கள். வயல் சாம்பிளில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கலாம் என்பதால் கேனை மூடிய அறையில் திறக்கக் கூடாது. அழுகிய முட்டை வாடை நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைவதும் ஆபத்து, அந்த வாயு மூக்கையே மரத்துப்போகச் செய்யும்.

கடைசியில் வயல் சோதனை. பழைய கெமிக்கலை நிறுத்திப் புதியதைத் தொடங்கிய அன்று மாலையே டேங்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். டேங்கிலும், சூடாக்கித் தண்ணீரைப் பிரிக்கிற ட்ரீட்டரிலும் அப்போது நிற்பது பழைய எண்ணெய். எண்ணெய் எத்தனை மணி நேரம் உள்ளே தங்குகிறது என்று கணக்கிட்டு, உள்ளே இருப்பது இரண்டு மூன்று முறை முழுசாக மாறும்வரை பம்பின் அளவைத் தொடாதீர்கள். பதற்றத்தில் நடுவில் கூட்டியும் குறைத்தும் விளையாடினால், பிறகு எந்த அளவு என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தொடங்கி, படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் எண்ணெயின் தண்ணீர் அளவு, வடிகிற நீரில் எண்ணெய், ட்ரீட்டர் வெப்பநிலை மூன்றையும் நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். புதிதாக ஒரு கிணற்றை அதே லைனில் இணைத்தாலோ, ஏதாவது கிணற்றில் அமிலம் செலுத்தினாலோ, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிணற்றடிக்குப் போக வேண்டியதுதான்.