பிள்ளையின் எஸ்எஸ்ஐ நிற்காமல் இருக்க: யார் பெயரில் பணம், எந்தத் தேதியில்

அமெரிக்காவில், வருமானமும் சொத்தும் குறைவாக உள்ள ஊனமுற்றோருக்கு மத்திய அரசு தரும் எஸ்எஸ்ஐ உதவித்தொகை 2026-இல் மாதம் அதிகபட்சம் 994 டாலர். பெரும்பாலான மாநிலங்களில் மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடும் இதோடு சேர்ந்தே வருவதால், தொகை நின்றால் மருந்து, தெரபி, வீட்டுக்கு வரும் உதவியாளர் எல்லாமே ஆட்டம் காணும். நம் குடும்பங்களில் இதற்கு வினையாக வந்து சேர்வது பெரும்பாலும் பிள்ளையின் பெயரில் அன்போடு போடும் பணம்தான்.

ஏனென்றால், எஸ்எஸ்ஐ வாங்கும் தனிநபரின் பெயரில் 2,000 டாலருக்கு மேல் சொத்து இருக்கக்கூடாது. 1989-இல் வைத்த இந்த வரம்பை இன்னும் உயர்த்தவில்லை. அது பெரிய அநியாயம். ஆனால் விதி மாறும்வரை அதற்குள்தான் நாம் நடமாட வேண்டும். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி பிறக்கும்போது கையில் என்ன இருக்கிறது என்பதே கணக்கு. 31-ஆம் தேதி இரவு 2,050 டாலர் மிச்சம் இருந்தால் அடுத்த மாதத் தொகைக்கு உரிமை கிடையாது. 20-ஆம் தேதிக்குள் இருப்பைப் பார்த்து, தேவையானதை வாங்கி, ரசீதை எடுத்து வையுங்கள். அண்ணன் கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பதிலுக்கு எதுவும் வாங்காமல் சொத்தைக் கைமாற்றினால் 36 மாதம் வரை தொகை கிடைக்காமல் போகலாம்.

ஊரில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும். தாத்தா பேரன் பெயரில் போட்ட எஃப்.டி., பாட்டி எழுதி வைத்த மனை, சேமிப்பாக வாங்கிய தங்கக் காசு எல்லாம் சொத்துதான். உடம்பில் போட்டுக்கொள்ளும் நகை, குடியிருக்கும் சொந்த வீடு, போக வர வைத்திருக்கும் ஒரு கார் ஆகியவை சேராது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வைத்திருக்கும் ஜாயின்ட் அக்கவுன்ட்தான் பலருக்குத் தெரியாத கண்ணி: அதிலுள்ள முழுப் பணமும் பிள்ளையுடையது என்றே எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. அதனால் பிள்ளைக்குத் தனிக் கணக்கு வைத்து, உங்கள் சம்பளம் அந்தப் பக்கமே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறந்தநாளுக்குச் சித்தப்பா 300 டாலர் ரொக்கமாகக் கொடுத்தால், வேறு வருமானம் இல்லாத பட்சத்தில், முதல் 20 டாலரைக் கழித்துவிட்டு 280 டாலரை எஸ்எஸ்ஐயில் பிடித்துவிடுவார்கள். அதே 300 டாலரை அவர் நேராக ஊனமுற்றோருக்கென்றே இருக்கும் ஏபிள் (ABLE) சேமிப்புக் கணக்கில் போட்டால் ஒரு காசு குறையாது. ஆகவே முதல் வேலையாக ஏபிள் கணக்கைத் திறந்து, அதன் விவரத்தைச் சொந்தபந்தம் அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஊனம் 26 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்ற விதி, 2026 ஜனவரி 1 முதல் 46 வயது என்று தளர்ந்திருக்கிறது. 2025-இல் ஓர் ஆண்டில் போடக்கூடிய தொகை 19,000 டாலர். இருப்பில் முதல் 1,00,000 டாலரை எஸ்எஸ்ஐ கணக்கில் எடுப்பதில்லை. வாடகைக்காக அதிலிருந்து எடுத்ததை மட்டும் அந்த மாதத்துக்குள்ளேயே கட்டிவிடுங்கள். மாதம் தாண்டிக் கையில் இருந்தால் அது சொத்தாகிவிடும். பிள்ளையின் சம்பளத்தை ஏபிளில் போட்டாலும் அது வருமானமே, அதை மறைக்க முடியாது.

பெரிய தொகைக்கு ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் வேண்டும், அதாவது பிள்ளைக்காக டிரஸ்டி என்பவர் பணத்தை நிர்வகிக்கும் ஏற்பாடு. பெற்றோர், தாத்தா பாட்டி பணத்தில் அமைக்கும் டிரஸ்டில், பிள்ளையின் காலத்துக்குப் பிறகு மிஞ்சுவது மெடிகெய்டுக்குப் போகாது. பிள்ளையின் சொந்தப் பணம், அதாவது விபத்து நஷ்டஈடோ நேராக வந்த வாரிசுப் பணமோ, உள்ளே போகும் டிரஸ்டை 65 வயதுக்குள் தொடங்க வேண்டும், மிஞ்சியதில் மெடிகெய்டு தான் செலவழித்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இரண்டையும் கலக்கவே கலக்காதீர்கள். உயில், லைஃப் இன்சூரன்ஸ், 401கே ஓய்வூதியக் கணக்கின் நாமினி எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு டிரஸ்டின் பெயரை எழுதுங்கள். டிரஸ்டி பிள்ளை கையில் ரொக்கம் கொடுக்காமல், கடைக்கோ டாக்டருக்கோ நேரடியாகக் கட்ட வேண்டும்.

18 வயது முடிந்தால் பெற்றோர் வருமானத்தைப் பார்க்கமாட்டார்கள், முன்பு மறுத்திருந்தாலும் அப்போது மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் இலவசமாக உங்களோடு தங்கினால் தொகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். அதைத் தடுக்க எழுத்தில் வாடகை ஒப்பந்தம் போடுங்கள். 2026-இல் மாதம் 351.33 டாலருக்குக் குறையாமல் வாடகை வைத்து, பிள்ளையின் கணக்கிலிருந்து மாதாமாதம் வங்கி மூலம் வாங்குங்கள். காகிதத்தில் மட்டும் இருக்கும் வாடகையை ஏற்கமாட்டார்கள். சாப்பாட்டுக்கு இந்தக் கவலை இல்லை. 2024 செப்டம்பர் 30 முதல் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் 30 நாள் ஆகும் முன் திரும்பிவிடுங்கள். தொடர்ந்து 30 நாள் வெளிநாட்டில் இருந்துவிட்டால், திரும்பி வந்து 30 நாள் அமெரிக்காவில் தொடர்ந்து இருக்கும்வரை தொகை வராது. டிக்கெட் போடும்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.

முகவரி, வருமானம், பயணம் என எது மாறினாலும் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்து, அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். தொகையைக் குறைக்கிறோம் அல்லது நிறுத்துகிறோம் என்று கடிதம் வந்தால் உறையோடு பத்திரப்படுத்துங்கள். கையில் கிடைத்த 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்து, தொகை தொடர வேண்டும் என்றும் கேட்டால், முடிவு வரும்வரை பழைய தொகையே வரும். ஆனால் முடிவு பாதகமானால் அதைத் திருப்பிக் கேட்கலாம். மேல்முறையீட்டுக்கு மொத்தக் கெடு 60 நாள், படிவம் எஸ்எஸ்ஏ-561. ‘அதிகமாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டு’ என்றால், தவறு உங்களுடையது அல்ல, கட்டவும் வசதி இல்லை என்று எஸ்எஸ்ஏ-632 படிவத்தில் தள்ளுபடி கேளுங்கள். அதற்குக் கெடுவே கிடையாது. என்றாலும் 30 நாளுக்குள் கேட்டுவிட்டால் பிடித்தம் தொடங்குவதற்கு முன்பே தடுக்கலாம்.