புதிய காரின் மெட்டாலிக் பெயின்டில் நிற வேறுபாடா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆண்டு என் மைத்துனர் சில்வர் நிறக் கார் ஒன்றை எடுத்தார். ஷோரூம் விளக்கொளியில் ஒரே சீராகத் தெரிந்த வண்டி, மாலை நான்கரை மணிக்குச் சாய்ந்த வெயிலில் நின்றபோது, இடது பின் கதவு மட்டும் ஈயம் பூசியதுபோல் மங்கிக் கிடந்தது. பதறிப்போய், அந்தக் கதவுக்கு உடனே மறுபடி பெயின்ட் அடித்துத் தரச் சொன்னோம். மூன்று நாள் கழித்து வந்த வண்டியை நேரே நின்று பார்த்தால் நிறம் பொருந்தியது. பின்னாலிருந்து சாய்வாகப் பார்த்தால் கதவு முன்பைவிடத் தனித்துத் தெரிந்தது. காரணம் தெரியாமல் ஒற்றைக் கதவுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கச் சொன்னதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு.

கலர் கோடு (அந்த நிறத்துக்கு நிறுவனம் தரும் குறியீடு) சரியாக இருந்தால் நிறமும் தானே பொருந்திவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். மெட்டாலிக் பெயின்டில் நிறமியோடு மிக நுண்ணிய அலுமினியச் செதில்களும் கலந்திருக்கின்றன. அவை பரப்போடு படிந்து படுத்திருந்தால் நேர்ப்பார்வைக்குப் பளிச்சென்றும் பக்கவாட்டில் இருண்டும் தெரியும். தாறுமாறாகச் சாய்ந்து நின்றால் நேர்ப்பார்வைக்கு மங்கியும் பக்கவாட்டில் வெளுத்தும் தெரியும். ஆகவே ஒரே டப்பாவில் எடுத்த பெயின்டே ஈரமாக அடிக்கும்போது ஒரு நிறத்தையும் உலர்வாக அடிக்கும்போது வேறொரு நிறத்தையும் காட்டும். ஸ்பிரே கன்னைப் பிடிக்கும் தூரம், காற்றழுத்தம், தின்னர் ஆவியாகும் வேகம், அன்றைய வெப்பம் ஆகிய எல்லாமே செதில்கள் படியும் விதத்தை மாற்றுகின்றன. அத்துடன் ஒரே கோடுக்குள்ளேயே சற்று வெளுத்ததும் சற்று நீலம் பாய்ந்ததுமாக மாற்றுக் கலவைகள் இருப்பதுண்டு.

பம்பரின் நிறம் சற்று வேறுபட்டாலே வண்டி அடிபட்டது என்று முடிவு கட்டுவதும் தவறு. உலோக உடலின் பெயின்ட் தொழிற்சாலையில் சுமார் 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுகிறது. பிளாஸ்டிக் பம்பர் அந்த வெப்பத்தைத் தாங்காது என்பதால், பெரும்பாலும் தனியாக, சுமார் 80 டிகிரியில் பெயின்ட் செய்யப்பட்டுப் பிறகு பொருத்தப்படுகிறது. அதனால் பம்பருக்கும் ஃபெண்டருக்கும் (சக்கரத்தின் மேலுள்ள உலோகப் பாகம்) இடையே சிறு வேறுபாடு புத்தம்புது வண்டியிலும் இருக்கலாம். ஆனால் அருகருகே உள்ள இரண்டு உலோகப் பாகங்கள் வேறுபட்டால், அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. வண்டி வரும் வழியிலோ, வண்டிகளை நிறுத்தி வைக்கும் ஸ்டாக்யார்டிலோ உரசி, சொல்லாமல் மறுபெயின்ட் செய்யப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

இதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க வேண்டியதில்லை. பெயின்டின் தடிமன் அளக்கும் கையடக்கக் கருவியை வைத்துப் பார்த்தால், தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை காட்டும்; மேலே மறுபெயின்ட் அடித்திருந்தால் பொதுவாக அதைவிடக் கூடுதலாகக் காட்டும். எங்கள் வண்டியின் முன் கதவில் 115 வந்தது. மறுபெயின்டுக்குக் கொடுக்கும் முன்பே அந்தப் பின் கதவை அளந்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அடித்த பிறகு அளப்பதில் பயனில்லை, சான்று அதோடு அழிந்துவிடுகிறது. பிளாஸ்டிக் பாகத்தில் சாதாரணக் கருவி வேலை செய்யாது. கருவி கிடைக்காதவர்கள் கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கின் ஓரத்தையும் கீல் போல்ட்டுகளின் தலையையும் பார்க்கலாம். டேப் ஒட்டிய கோடோ தெறித்த பெயின்டோ அங்கேதான் ஒளிந்திருக்கும்.

டெலிவரியை இரவில் எடுப்பதையும் தவிருங்கள். வண்டியைக் கழுவித் துடைத்து, பகல் வெளிச்சத்தில், நேராகவும் சாய்வாகவும் சுற்றி வந்து பாருங்கள். இதை ஆர்.டி.ஓ. பதிவுக்கு முன்பே செய்துவிட வேண்டும். பதிவான வண்டியை மாற்றித் தரச் சொல்லி வாங்குவது மிகவும் கடினம். பெயின்டின் மேல் போடும் பாதுகாப்புப் பூச்சான செராமிக் கோட்டிங்கை முதல் நாளே போடச் சொல்லி வற்புறுத்தினாலும் இசைய வேண்டாம், மறுபெயின்ட் தேவைப்பட்டால் அதைத் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

"போகப் போக வெயிலில் சேர்ந்துவிடும்" என்றோ, "பாலிஷ் போட்டால் சரியாகிவிடும்" என்றோ ஷோரூமில் சொல்வார்கள். பாலிஷ் மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டைத்தான் தொடும்; அடியில் இருக்கும் செதிலைத் திருப்பி வைக்காது.

மறுபெயின்ட் தவிர்க்க முடியாததானால், முதலில் ஒரு மாதிரித் தகட்டில் அடித்து, கிளியர் கோட்டும் போட்டு உலர்த்தி, வெயிலில் வண்டியோடு ஒட்டி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பிளெண்டிங் செய்து தரும்படி கேளுங்கள்: அதாவது, குறையுள்ள கதவில் முழு நிறமும் அடித்து, பக்கத்துப் பாகங்களில் அதைப் படிப்படியாக மெலிய விட்டு, அந்தப் பாகங்கள் முழுவதற்கும் கிளியர் கோட் போடுவது. மெட்டாலிக்கில் கண்ணுக்கு எல்லை தெரியாமல் செய்ய இதுவே நம்பகமான வழி என்பது என் கருத்து. நன்றாக இருக்கும் பாகத்தின் மேல் ஏன் கை வைக்க வேண்டும் என்று எங்களைப் போலவே பலரும் மறுப்பார்கள். இரண்டாம் முறை வேறொரு பட்டறையில் இப்படிச் செய்த பிறகுதான் எங்கள் வண்டியின் கதவு ஒத்து வந்தது.

புகாரை வாய்மொழியாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். தேதியோடு படமும், தடிமன் அளவும், சேசிஸ் எண்ணும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்தில் முறையிட 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. குறை தீராமல் 'வண்டி நல்ல நிலையில் பெறப்பட்டது' என்ற தாளை நீட்டினால், கையெழுத்துக்கு மேலே 'இடது பின் கதவில் நிற வேறுபாடு உள்ளது' என்று உங்கள் கைப்பட எழுதி, அதன் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.