குளிர்காலத்தில் மோட்டார்ஹோமில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பிரிட்டனில் முதல்முறை மோட்டார்ஹோம் (உள்ளேயே சமைத்துத் தங்கும் வசதியுள்ள வண்டி) வாங்கியவர்கள் குளிர்காலம் என்றதும் பனிக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் வண்டியை அதிகம் கெடுப்பது ஈரம். கூரை ஓரத்தில் நுழைந்த மழைநீர் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தை மாதக்கணக்கில் மக்கவைக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாசனை வந்து கண்டுபிடிக்கும்போது செலவு கையை மீறியிருக்கும்.

ஈரம் வெளியிலிருந்து கசிவாக வரும். நம் மூச்சாலும் சமையலாலும் உள்ளேயே உண்டாகவும் செய்யும். இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

1. மழைக்கு முன்பே கசிவைத் தேடுங்கள்

செப்டம்பரில் காய்ந்த நாளாகப் பார்த்து ஏணி வைத்துக் கூரையைப் பாருங்கள். மேலே ஏறி நிற்க வேண்டாம், எல்லாக் கூரையும் ஆள் எடையைத் தாங்காது. கூரைச் சன்னல்களின் சுற்றுப்புறம், மூலைப் பட்டைகள், சோலார் பேனல் வயர் உள்ளே போகும் இடம், இந்த மூன்றையும் தவறவிடாதீர்கள். இடுக்குகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் வெடித்திருந்தால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அவசரத்துக்கு மேலேயே சிலிகான் பூசினால் தண்ணீர் அடியில் சிக்கிக்கொள்ளும். பின்னால் சரிசெய்ய வருபவர் போடும் சீலன்டும் அதன்மேல் ஒட்டாது.

அடுத்து ஈரமானி, அதாவது சுவருக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டும் கருவி. விலை அதிகமில்லை, கட்டாயம் ஒன்று வாங்குங்கள். மூலைகள், சன்னலின் அடிப்பகுதி, அலமாரிகளின் உள்சுவர் எல்லாம் அளந்து பாருங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலையில்லை. 15 முதல் 20 வரை என்றால் சில வாரம் கழித்து மறுபடி அளக்கவும். 20ஐத் தாண்டினால் வண்டி வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். 30க்கு மேல் போனால் மரம் கெட ஆரம்பித்திருக்க வாய்ப்பு அதிகம். எண்களை எழுதிவைத்து, அடுத்த முறையும் அதே இடங்களில் அளந்து பாருங்கள். என்னைக் கேட்டால், எண் எவ்வளவு என்பதைவிட அது ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

2. தண்ணீரை முழுவதும் வடியுங்கள்

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். குழாயோ பம்போ வெடிக்க அது போதும். முதலில் ஹீட்டரையும் பம்பையும் அணைத்து, வெந்நீர் ஆறட்டும். நல்ல தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, ஹீட்டர் மூன்றின் வடிகால் வால்வுகளையும் திறங்கள். பிறகு எல்லாக் குழாயையும் திறந்துவிடுங்கள். ஒரே கைப்பிடியுள்ள குழாய் என்றால் கைப்பிடி நடுவில் இருக்கட்டும், அப்போதுதான் சூடு, குளிர் இரண்டு பக்கமும் காலியாகும். ஷவர் தலையைக் கழற்றி ஹோஸைத் தாழ்வாகப் போடுங்கள். வாட்டர் ஃபில்டரையும் எடுத்துவிடுங்கள்.

வண்டியையும் தண்ணீரையும் சேர்த்துச் சூடாக்கும் ட்ரூமா காம்பி ஹீட்டரில் குளிர் சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் தானே திறந்துகொள்ளும் வால்வு உண்டு. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். அது காலிசெய்வது ஹீட்டரை மட்டும்தான், குழாய்களை அல்ல.

3. நிறுத்திவைக்கும்போது காற்று ஓடட்டும்

மெத்தைகளைச் சுவரில் படாமல் நிமிர்த்திவையுங்கள், முடிந்தால் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். அலமாரிக் கதவுகள், ஃபிரிட்ஜ் கதவு எல்லாம் திறந்திருக்கட்டும். தரையிலும் கூரையிலும் உள்ள நிரந்தரக் காற்றுத் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். கேஸ் கசிந்தால் வெளியேற அவைதான் வழி.

மேலே போர்த்துவதானால் காற்றுப் புகும் உறை வேண்டும். தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபயர் வைக்க மின்சாரம் இருந்தால், ஈரம் உறிஞ்சும் பொருள் கொண்ட டெசிக்கன்ட் வகையை எடுங்கள். கம்ப்ரஸர் வகை கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது. ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் மலிவுதான், ஆனால் அதில் சேரும் உப்புநீர் சிந்தினால் இரும்பு துருப்பிடிக்கும். டப்பாவைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள்ளேயே வையுங்கள்.

பேட்டரியை முழுச் சார்ஜில் வையுங்கள். சார்ஜ் இறங்கிய லெட் ஆசிட் பேட்டரி குளிரில் உறைந்துபோகும்.

4. குளிரிலும் பயணம் போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலண்ட்ஸ் பக்கம் ஜனவரியில் போய்த் தங்குவது அருமையான அனுபவம், தயங்காதீர்கள். ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள்: 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும். அதோடு சோறு கொதிக்கும் ஆவி, இரவு முழுக்க நம் மூச்சு. அதனால் சமைக்கும்போது மூடி போட்டு, கூரைச் சன்னலை ஒரு விரல் அளவு திறந்துவையுங்கள். சூடு போகிறதே என்று மூடினால், காலையில் கண்ணாடி எல்லாம் வியர்த்து வழியும்.

குளிர் காய அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது. ஈரம் மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். அதற்கான அலாரம் வண்டியில் இருந்தே ஆக வேண்டும். புகையை வெளியே விடும் ஹீட்டரைக் குறைந்த சூட்டில் விடாமல் ஓட்டுவது நல்லது. முன்கண்ணாடிக்கு வெளிப்புறத் திரை போட்டால் கண்ணாடி குளிராது, வியர்வையும் குறையும். நனைந்த கோட்டுகளை ஷவர் அறையில் மாட்டுங்கள். காலையில் மெத்தையைத் தூக்கி அடியில் தடவிப் பாருங்கள், பூஞ்சணம் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

கேஸ் சிலிண்டர் சிவப்பு நிறப் புரொப்பேன் சிலிண்டராக இருக்கட்டும். நீலச் சிலிண்டரில் உள்ள பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாகாது, அடுப்பும் எரியாது.

5. வசந்தத்தில்

வடிகால் வால்வுகளை மூடிவிட்டுத் தொட்டியில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிப் பம்பைப் போடுங்கள். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் பேப்பர் டவலை வைத்து, நனைகிறதா என்று பாருங்கள். எதுவும் நனையவில்லை என்றால் தொட்டியை நிரப்பலாம்.