ஊட்டிக் குளிரில் டேப்பர் லேசர் சிப்: நாம் செய்யும் தவறுகள்

டேப்பர் சிப் என்பது ஒளிப்பாதை கூம்புபோல் விரியும் லேசர் டையோடு. ஊட்டியில் அதை வைத்து லேசர் மேசை போடுகிறவர்கள் முதலில் ஏமாறுவது குளிரிடம்தான். டையோடு குளிர்ச்சியாக இருந்தால் ஆயுள் கூடும் என்பது உண்மை. அதனால் அறை 15 டிகிரியில் இருக்கும்போது பெல்டியரை (மின்சாரத்தால் சிப்பைக் குளிர்விக்கும் தகடு) 12-க்கு இறக்குகிறோம். ஜூலை மாத மூடுபனியில் ஈரப்பதம் 95 சதவீதம் என்றால், 14 டிகிரிக்குச் சற்று மேலேயே காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கிவிடும். சிப்பின் முகப்பு, அதாவது ஒளி வெளியேறும் முனை, வியர்க்கும். அந்த ஈரத்தோடு ஒரு வாட்டுக்கு மேல் ஒளியை வெளியே தள்ளினால் முகப்பு கருகிவிடும். இங்கே சிப்பை 20, 25 டிகிரியில் வைத்து ஓட்டுங்கள். சுற்றியுள்ள காற்றைவிடச் சூடான பொருளில் பனி படியாது.

சரி, தை மாதம்? உறைபனி விழும் நாட்களில் காற்று வறண்டிருக்கும். செயற்கை நூல் ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றும்போது சடசடவென்று கேட்கிறதே, அந்த நிலைமின்சாரமே டையோடைக் கொல்லப் போதும். கையில் எர்த் பட்டை கட்டாமல் சிப்பின் மின்முனைகளை இணைத்துக் காக்கும் ஷார்ட்டிங் கிளிப்பை எடுக்காதீர்கள்.

நான் பறிகொடுத்த சிப் போனது வேறு காரணத்தால். லேசர் ஒளியை உருவாக்கும் அலையாக்கியும் அதைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே சிப்பில் இருக்கும் வகை அது. சில மைக்ரான் அகலத்தில் தொடங்கும் ஒளிப்பாதை கூம்புபோல் விரிந்து, வெளியேறும் முகப்பில் 200 மைக்ரான் அளவுக்கு வந்துவிடும். ஒளி அகலமாகப் பரவுவதால்தான் முகப்பு அத்தனை சக்தியைத் தாங்குகிறது. திரும்பி வரும் ஒளிக்கு இதே பாதை எமனாகிவிடும். வழியெல்லாம் பெருகிக்கொண்டே வந்து, குறுகிய முனையில் குவியும். தனித்தனிச் சிப்பாக இருந்தால் நடுவே ஒரு ஐசொலேட்டர் (ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் கருவி) வைக்கலாம். ஒரே சிப்பில் அதற்கு இடமேது? வெளியே வைக்கும் ஐசொலேட்டர்தான் ஒரே காவல். நானோ, “அஞ்சு நிமிஷ அளவுதானே” என்று அதைக் கழற்றிவிட்டு பவர் மீட்டரை நேர் எதிரே நிறுத்தினேன். 1.5 வாட் காட்டிய மீட்டர் சட்டென்று 40 மில்லிவாட்டுக்கு விழுந்தது. கரண்ட் மட்டும் அப்படியே இருந்தது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒன்றே ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பும். 2 வாட்டில் அது 80 மில்லிவாட். லென்ஸ், மீட்டர், ஃபைபர் முனை எதையும் சற்றுச் சாய்த்தே வையுங்கள்.

ஃபேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5 ஆம்பியர், 2 வோல்ட் என்றால் 10 வாட் உள்ளே போகிறது. ஒளியாக 2 வாட் வந்தால் மீதி 8 வாட்டும் சூடுதான். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. ஃபேன் காற்றில் சூட்டை விடும் ஹீட்சிங்க், சமவெளியில் போதுமாயிருந்தாலும் இங்கே திணறலாம்.

அப்புறம், கரண்ட் கட். சிப்பின் இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனி டிரைவர் (கரண்ட் கொடுக்கும் கருவி) இருப்பதால் வரிசை முக்கியம். முதலில் அலையாக்கி, பிறகு ஆம்ப்ளிஃபயர், அணைக்கும்போது தலைகீழ். உள்ளே ஒளி வராமல் ஆம்ப்ளிஃபயருக்கு முழுக் கரண்ட் கொடுத்தால், சேர்ந்த ஆற்றல் கண்ட திசையில் ஒளியாகப் பெருகும், பின்பக்கம் உட்பட, சிப்பும் சூடேறும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும்போது எந்த டிரைவர் முதலில் விழித்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் என் மேசையில் ஆம்ப்ளிஃபயர் டிரைவரை ஒரு ரிலேயோடு கட்டிவைத்திருக்கிறேன். மின்சாரம் ஒருமுறை போனால், கையால் பட்டனை அழுத்தும்வரை அது எழாது.