டெலிவரி வேலையில் தம்பிகள் செய்யக் கூடாத தவறுகள்

பாளையங்கோட்டையில் உணவு டெலிவரிக்கு ஓடும் தம்பிகளிடம் வருமானம் கேட்டால், அன்றைக்கு ஆப் காட்டிய தொகையைத்தான் சொல்வார்கள். முதல் தவறு அங்கேதான். அது வரவு மட்டுமே. நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓடி, வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தால், பெட்ரோலுக்கே 200 ரூபாய்க்கு மேல் போய்விடும். ஆயில், டயர், செயின், வண்டித் தவணை எல்லாம் அதற்குப் பிறகு. டவுன் ரத வீதியிலிருந்து கே.டி.சி. நகர் வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் தூரத்துக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதுங்கள். மிச்சத்தை உழைத்த மணிகளால் வகுத்தால்தான் உங்கள் கூலி தெரியும்.

இதைவிடப் பெரிய தவறு, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பது. சொந்த உபயோகத்துக்கான பாலிசி, கூலிக்குப் பொருள் ஏற்றிச் செல்லும் ஓட்டத்துக்குப் பொதுவாகப் பொருந்தாது. மழையில் வழுக்கி வண்டி நொறுங்கிய பிறகு, பழுதுச் செலவு கேட்டுப் போகும் நாளில் பாலிசியில் உள்ள அந்த ஒரு நிபந்தனை குறுக்கே நிற்கும். டெலிவரிக்கு ஓட்டுவதை எழுத்தில் தெரிவித்து அதற்குரிய பாலிசி கேளுங்கள். நிறுவனம் தரும் விபத்துக் காப்பீட்டிலும், அடிபட்ட நேரத்தில் ஆர்டர் கையில் இருந்ததா, ஆப் திறந்திருந்ததா என்ற கேள்விகள் வரும். நண்பனின் ஐடியில் ஓடுகிறவனுக்கு அதுவும் கிடைக்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

‘பார்ட்னர்’ என்று அழைப்பதை மரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள். தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தர வேண்டிவரும், அந்தச் சொல் வந்ததே அதற்காகத்தான் என்பது என் எண்ணம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இப்படி நிரந்தர வேலை உறவு இல்லாமல் உழைக்கும் கிக் தொழிலாளர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் அவர்களுக்கான நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் தனி நல வாரியமும் அமைந்தது. அதில் பதியாமல் இருப்பது, இருக்கும் ஒரு பிடியையும் விடுவது.

அடிபட்டால், ஐடியை முடக்கிவிடுவார்களோ என்று பயந்து மஞ்சளைத் தடவிக்கொண்டு வீட்டில் படுக்காதீர்கள். ஆர்டர் தெரியும் திரையைப் படம் பிடித்துவிட்டு, ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வேலையில் இருந்தபோது நடந்தது என்று சொல்லிப் பதிந்து, ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்குங்கள். போலீஸில் புகார் கொடுங்கள். இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்யுங்கள்.

மழை நாளின் கூடுதல் காசுக்காக முழங்கால் தண்ணீரில் வண்டியை இறக்க வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் ஒரு வார வருமானம் மெக்கானிக்குக்கு.

ஆர்டர் போடுகிற நமக்கும் ஒன்று. வீடு எங்கோ இருக்க, வரைபடத்தில் பஸ் ஸ்டாப்பைக் குறித்துவிட்டு, போனில் “இன்னும் கொஞ்சம் உள்ளே வாங்க” என்கிறோம். அந்தக் கொஞ்சத்துக்கான பெட்ரோல் அந்தத் தம்பியின் பையிலிருந்து போகிறது.