எழுநூறு பேர் இருக்குற தீவுல நீங்க மட்டும் வெளியூர்: மாலத்தீவுக்கு டீச்சரா போறவங்களுக்கு

மாலத்தீவுல டீச்சர் வேலை கிடைச்சிருக்கு, என்னென்ன கொண்டு போகணும்னு கேரளா எல்லையில இருக்குற எங்க களியக்காவிளை, மார்த்தாண்டம், அந்தப் பக்கம் பாறசாலை வரைக்கும் இருந்து அடிக்கடி யாராவது என்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்காங்க. குக்கர், பிளக் அடாப்டர், மாத்திரைன்னு ஒரு லிஸ்ட் சொல்லி அனுப்பிரலாம். ஆனா நான் அங்க மேத்ஸ் எடுத்த மூணு வருஷத்துல திணறினது குக்கர் இல்லாம இல்ல, எந்நேரமும் யாரோ நம்மளயே பாத்துட்டு இருக்காங்கங்கிறதுல தான். போறதுக்கு முன்னாடி அதைப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல. அதனால முக்கால்வாசி அதைத் தான் எழுதப் போறேன், குக்கரும் நடுவுல எங்கயாவது வரும்.

திருவனந்தபுரத்துல பிளைட் ஏறினா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள தலைநகர் மாலே, சென்னைக்கு ரயில்ல போறத விட பக்கம்னு நினைச்சு தான் எல்லாரும் போறோம். மாலே வேற, தீவு வேற பாத்துக்கிடுங்க. நாடு முழுக்க 1,200 தீவு கிட்ட இருக்கு, ஆள் குடியிருக்கிறது 200க்கும் கம்மி, அதுல ஏதோ ஒண்ணுல உங்க ஸ்கூல் இருக்கும். நான் இருந்தது வடக்கு பக்கம், எழுநூறு பேர் கூட இல்ல, இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு நடந்தா பத்து நிமிஷம். நீங்க கடையில முட்டை வாங்கினா எத்தனை முட்டைன்னு சாயங்காலம் உங்க கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். அதனால கூட்டத்தோட கூட்டமா கலந்துரலாம்ங்கிற எண்ணத்த திருவனந்தபுரம் ஏர்போர்ட்லயே விட்டுட்டு போங்க. நான் முதல் ரெண்டு மாசம் ஸ்கூல் விட்டா ரூம்ல கதவ சாத்திட்டு இருந்தேன், அடக்கமா இருக்கேன்னு எனக்கு நினைப்பு. ஊருக்குள்ள பேச்சு என்னன்னா மிஸ்ஸுக்கு ஏதோ சீக்கு, இல்லன்னா திமிரு.

அப்போ என்ன செய்யணும்னா, பாக்குறவங்களுக்கு தினமும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல தென்படுங்க. சாயங்காலம் ஆனா தீவு ஜனம் ஜெட்டி பக்கத்துல ஜோலியில வந்து உக்காரும், ஜோலின்னா நம்ம ஜோலி இல்ல, இரும்புக் கம்பியில கயிறு பின்னி போட்ட வலை நாற்காலி. அங்க போய் ஒரு அரை மணி நேரம் உக்காந்துட்டு வாங்க, பேசணும்னு கூட கட்டாயம் இல்ல. ரெண்டு வாரம் தாண்டினா பாக்குறத நிறுத்திருவாங்க. நிறுத்த மாட்டாங்க சரி, ஆனா அந்த பார்வை மாறும், நீங்க வரலன்னா ஏன் வரலன்னு கேக்குற பார்வையாகும்.

வெளிநாட்டுக்காரனுக்கு அவங்க திவெஹி மொழியில பேரு பிதேஸி. முதல் தடவ காதுல விழுந்தப்ப எனக்கு சிரிப்பு தான் வந்துச்சு, நம்ம விதேசி தானே இது. கொஞ்சம் காது கொடுத்தா இப்படி நெறைய கிடைக்கும். படகு தோனி, நம்ம தோணியே தான். நமக்கு குரும்பைன்னா பிஞ்சுக் காய், அவங்களுக்கு குரும்பான்னா இளநி. மீனுக்கு மஸ், நம்ம வீட்டுல சம்பல் அரைக்கிற மாசிக் கருவாடு இருக்குல்ல, அதே சரக்கு. இத வச்சு ஒரு பத்து வார்த்தை முதல் வாரமே தேத்திருங்க: எப்படி இருக்கீங்கன்னா கிஹினே, நல்லா இருக்கேன்னா ரங்களு, நன்றிக்கு ஷுக்குரிய்யா, ஆமா ஆன், இல்ல நூன், பைய பைய மடுமடுன். சலாம் சொல்லிட்டு பேச்ச ஆரம்பிங்க. தப்பா தான் வரும், வரட்டும், சிரிப்பாங்க, அந்த சிரிப்புக்கு காசு கொடுத்தாலும் கிடைக்காது. பக்கத்து வீட்டு வாண்டு என்னைய தத்தா தத்தான்னு கூப்பிட்டப்ப முப்பத்தோரு வயசுல தாத்தா ஆக்கிட்டானேன்னு முழிச்சேன், அப்புறம் தான் தெரிஞ்சுது அது அக்கா.

பேர் விஷயம் மறந்துராதீங்க. நமக்கு இனிஷியல், அவங்க ஃபார்ம்ல முழுப்பேர். பாஸ்போர்ட்டுல அப்பா பேர் முதல்ல இருந்தா அது தான் உங்க பேர். எனக்கு முதல் மாசம் முழுக்க ஆபீஸ்ல, டைம் டேபிள்ல, அட்டெண்டன்ஸ்ல எல்லாம் எங்க அப்பா பேரு தான், ஒரு நாள் கிளாஸ்ல ஒரு பொண்ணு எங்க அப்பா பேர சொல்லி மிஸ்னு கூப்பிட்டது இன்னும் வீட்டுல ஓடுற கதை. டிகிரி சர்டிபிகேட், பி.எட், பாஸ்போர்ட் மூணுலயும் பேர் ஒண்ணா இருக்கான்னு பாத்து அட்டெஸ்டேஷனுக்கு முன்னாடியே சரி பண்ணிருங்க, அங்க போய் பண்றது பெரும் பாடு. முதல் நாளே போர்டுல கூப்பிடுற பேர பெருசா எழுதி போடுங்க. வீட்டுப் பேர் சொன்னா இன்னும் நல்லா ஒட்டும், ஏன்னா அங்கயும் நம்ம ஊர் மாதிரி வீட்டுக்கு வீடு பேர் உண்டு, அட்ரஸே அது தான்.

கிளாஸுக்கு வருவோம். இங்க தான் நீங்க வெளியூர்னு பளிச்சுன்னு தெரியும். பாடம் இங்கிலீஷ்ல, பத்தாம் கிளாஸ்ல கேம்ப்ரிட்ஜ் பரீட்சை, ஆனா பிள்ளைங்க தங்களுக்குள்ள பேசுறது திவெஹி. உங்க இங்கிலீஷ அப்படியே பேசிக் காட்டுவாங்க. கோவப்பட்டீங்கன்னா வருஷம் பூரா அது தான் விளையாட்டு. நான் ஒரு நாள் அவனையே முன்னாடி கூப்பிட்டு மிஸ் மாதிரி பித்தாகரஸ் நடத்துடான்னு விட்டேன், நல்லாவே நடத்தினான், அதோட அது முடிஞ்சுது.

அத விட பெரிய தப்பு ஒண்ணு பண்ணேன். நம்ம ஊர்ல படிச்ச கணக்கையே அங்க போட்டேன். 150 மீட்டர் நீள ரயில் ஒரு பாலத்த தாண்டுதுன்னு போர்டுல எழுதிட்டு திரும்பினா கிளாஸ் கம்முனு இருக்கு. ரயில் இல்லாத நாடு, ஆறு இல்ல, மலை இல்ல, நிலம் கடல் மட்டத்துல இருந்து சராசரியா ஒன்றரை மீட்டர் உயரம் தான், நான் போய் மலை உச்சியோட ஏற்றக்கோணம் கண்டுபிடின்னு சொல்லிட்டு இருக்கேன். வீட்டுல வளக்க நாய் கூட கிடையாது, நாட்டுக்குள்ள கொண்டு வர விட மாட்டாங்க, நான் ரெண்டு நாய்க்கு எட்டு கால்னு ஆரம்பிச்சா ஒரு பாதி கிளாஸுக்கு நாயப் பத்தின கேள்வி தான். அன்னைக்கு ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் மாத்தினேன். ரயிலு ஸ்பீடு லாஞ்ச் ஆச்சு, மலை மொபைல் டவர் ஆச்சு, வட்டிக் கணக்கு சூரை மீன் விலை ஆச்சு. போறதுக்கு முன்னாடியே உங்க நோட்ஸ இந்தக் கண்ணோட ஒரு தடவ புரட்டிருங்க, எந்த சப்ஜெக்ட்டா இருந்தாலும் சரி. பயாலஜிக்காரங்களுக்கு நெல் வயல் வரும், ஜியாகிரபி பாவம் மொத்தமும்.

இன்னொண்ணு, அவங்க எழுத்தக் கத்துக்கோங்க. தானான்னு பேரு, வலது பக்கத்துல இருந்து இடது பக்கம் எழுதுறது, 24 எழுத்து, உயிர்க்குறி எல்லாம் மேலயும் கீழயும் கோடு கோடா வரும். நம்ம 247 படிச்சவங்களுக்கு இது ஒரு மாச வேலை கூட இல்ல. மேத்ஸ் டீச்சருக்கு இதுல ஒரு லட்டு இருக்கு: அதோட முதல் ஒம்பது எழுத்தும் அரபு எண்கள் 1ல இருந்து 9 வரைக்கும் உள்ளதுல இருந்து வந்தது, அடுத்த ஒம்பதும் அவங்களோட பழைய எண்கள்ல இருந்து வந்தது. ஹா, ஷவியனி, நூனு, ரா, பா... தீவுக் கூட்டங்களுக்கும் இதே எழுத்து தான் பேரு. இத நான் கிளாஸ்ல போர்டுல ஒண்ணுக்கு நேரா ஒண்ணா எழுதிக் காட்டினேன், எத்தனையோ பிள்ளைக்கு அது தெரியல. ஒரு பிதேஸி வந்து எங்க எழுத்துக்குள்ள இருக்குற நம்பர காட்டுறாளேன்னு வீட்டுல போய் சொல்லிருக்காங்க, மறுநாள் ஒரு வீட்டுல இருந்து மஸ் ஹுனி வந்துச்சு, சூரையும் தேங்காத்துருவலும் வெங்காயமும் மொளகாயும் பிசைஞ்சது, ரொட்டியோட. நம்ம மாசிச் சம்பலுக்கு சித்தப்பா பிள்ளைன்னு வச்சுக்கிடுங்க.

மதம் பத்தி நேராவே சொல்லிடுறேன். நாடு இஸ்லாமிய நாடு, வேற மதத்த வெளியில கொண்டாட முடியாது, வழிபாட்டு சிலை கொண்டு போனா கஸ்டம்ஸ்ல எடுத்துருவாங்க, சர்ச் கோயில் எதுவும் கிடையாது. லீவு வெள்ளியும் சனியும், ஞாயிறு வேலை நாள். எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குப் போகலன்னா பாஸ்டர் வீடு தேடி வருவாரு, அங்க ஞாயிறு காலையில நான் அல்ஜீப்ரா எடுத்துட்டு இருப்பேன். கிறிஸ்மஸ் அன்னைக்கு ரூம்ல சத்தமில்லாம பாட்டு, வீட்டுக்கு வீடியோ கால், அவ்ளோ தான். அது முடியாதுன்னு தோணுச்சுன்னா போகாண்டாம், அங்க போய் முனங்குறதுல புண்ணியம் இல்ல. நோன்பு மாசம் பகல்ல வெளியில தண்ணி கூட குடிக்காதீங்க, வாங்கு நேரத்துல கடை சாத்துவாங்க, கால் மணி நேரம் கழிச்சு போங்க. என் கூட ரூம்ல இருந்தவ செங்கோட்டைக்காரி, பொட்டு வைப்பா. தடுக்கல யாரும், ஆனா தினமும் ஏதாவது ஒரு பிள்ளை அது என்ன மிஸ் காயமான்னு கேக்கும். அவ சின்னதாக்கினா, எடுக்கல.

நிறம் பத்தி யாரும் எழுத மாட்டாங்க, நான் எழுதுறேன். அங்க கட்டட வேலை, கடை வேலை, குப்பை அள்ளுறது எல்லாம் பெரும்பாலும் பங்களாதேஷ் பையங்க. நம்ம கறுப்புக்கு முதல் பார்வையில அந்த வரிசையில வச்சுருவாங்க, குரல் ஒரு மாதிரி இருக்கும், டீச்சர்னு தெரிஞ்ச உடனே அதே வாய் மிஸ்ஸுன்னு குழையும். நான் அவன் இல்லன்னு பதறி ஐடி கார்ட காட்டத் தோணும். எனக்கும் தோணிருக்கு, காட்டியும் இருக்கேன், அத நெனச்சா இப்பவும் கூச்சமா தான் இருக்கு. ராத்திரி ஒம்பது மணிக்கு என் ரூம் மோட்டார சரி பண்ணிக் கொடுத்தது அந்தப் பையங்கள்ல ஒருத்தன்.

ஸ்டாஃப் ரூம்ல மலையாளிங்க நெறைய இருப்பாங்க, நமக்கு அது லாபம், மலையாளம் தெரியும்ல. ஆனா அவங்களுக்கு நம்ம தமிழ் டீச்சர் தான், சென்னையில இருந்து வந்த சாருக்கு நான் மலையாளி. 1956ல எல்லை போட்டு தமிழ்நாட்டுப் பக்கம் சேத்ததுல இருந்து எங்க தாலுகாவுக்கு இது பழக்கம் தான், இங்க நெய்யாற்றின்கரை தாண்டினா பாண்டி, அதாவது தமிழ், மதுரை தாண்டினா மலையாளி. அதனால ரெண்டு பக்கமும் சாயா குடிங்க, ஆனா சாயங்காலம் முழுக்க இந்தியன் டீச்சர்ஸ் ரூம்லயே அடைஞ்சு கிடக்காதீங்க, ஊர்க்காரங்களுக்கு அது கண்ணுல உறுத்தும்.

எந்த ஊருன்னு கேட்டா தமிழ்னு மொட்டையா சொல்லாதீங்க. 1988 நவம்பர் 3ல மாலத்தீவுக்காரங்க சிலர் இலங்கைத் தமிழ் ஆயுதக் கும்பல் ஒண்ண கூட்டிட்டு வந்து மாலேயில ஆட்சியப் பிடிக்கப் பாத்தாங்க, இந்திய ராணுவம் போய் தான் முறியடிச்சது. வயசானவங்களுக்கு அது ஞாபகம் இருக்கு. நான் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் பக்கம்னு சொல்லுவேன், அந்தப் பேர் சொன்னா போதும், முகம் மலந்துரும், ஏன்னா வைத்தியத்துக்கு அவங்க வர்ற ஊரு அது. முட்டிக்கு எந்த டாக்டர், ரூம் வாடகை எவ்ளோ, ஆட்டோக்காரன் எவ்ளோ கேப்பான்னு வரிசையா கேள்வி. அந்த மூணு வருஷத்துல நான் கணக்கு சொல்லிக் கொடுத்தத விட ஆட்டோ ரேட்டு சொன்னது தான் ஜாஸ்தின்னு நினைக்கிறேன். இந்தியா மாலத்தீவு அரசியல் மட்டும் வாயில வைக்காதீங்க, 2024 ஜனவரியில ரெண்டு பக்கமும் சோஷியல் மீடியாவுல அடிச்சுக்கிட்டப்ப ஜெட்டியில என் பக்கத்துல உக்காந்த ஆள் சூரை விலையத் தான் பேசினாரு, நானும் அதையே பேசினேன்.

பொம்பளைங்களுக்கு ஒண்ணு, பஷி ஆடக் கூப்பிட்டா போங்க. வலைக்கு முதுகு காட்டி நின்னு டென்னிஸ் ராக்கெட்டால பந்த தலைக்கு மேல பின்னாடி அடிக்கணும், அந்தப் பக்கம் நிக்கிறவங்க கையால பிடிக்கணும். நான் அடிச்ச பந்து ஒண்ணு கூட வலை தாண்டல, கரையில இருந்த கிழவிங்க வரைக்கும் சிரிச்சாங்க, அன்னைக்கு அப்புறம் தான் கல்யாண வீட்டுக்கெல்லாம் கூப்பிட ஆரம்பிச்சாங்க. துணி சுடிதார் போதும், ஷாலோட, கடல்ல இறங்கினாலும் முழுசா போட்டுட்டு தான்.

மிச்சம் சில்லறை. பிளக் மூணு சதுரப் பின், நம்ம உருண்டைப் பின் நுழையாது, அடாப்டர் ஒரு நாலு கொண்டு போங்க. நேரம் நம்மள விட அரை மணி நேரம் பின்னாடி, அம்மாவுக்கு போன் போடும்போது ஞாபகம் வைங்க. காய்கறி படகுல வரும், கடல் மோசமா இருந்தா வராது, அதனால பருப்பும் குக்கரும் புட்டுக்குழலும் கட்டாயம். சம்பளம் ரூஃபியாவா டாலரான்னு, வீட்டுக்கு அனுப்ப வழி என்னன்னு கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கேளுங்க, டாலர் தட்டுப்பாடு அங்க அடிக்கடி வரும்.

லீவுக்கு ஊருக்கு வரும்போது பெட்டியில பாதி காலியா வச்சுக்கோங்க, ஏன்னா கிளம்புற அன்னைக்கு ஜெட்டியில ஆளுக்கு ஒரு பொட்டலம் மாசி கொண்டு வந்து திணிப்பாங்க, வேண்டாம்னு சொல்ல முடியாது. மூணு கவர் போட்டு டேப் அடிச்சு கட்டுங்க, எனக்கு முதல் தடவ ஒரு கவர் தான், அந்தப் பெட்டிய எங்க அம்மா இன்னும் கொல்லையில தான் வச்சிருக்காங்க.